வெப் ஆப்பிலிருந்து ஃபைலோடு மெயில் அனுப்புவது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து மீன் கம்பெனிகளுக்கும் ராமேஸ்வரம் லாட்ஜ்களுக்கும் சின்னச் சின்ன வெப் ஆப் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பில் போடும், ரூம் பதியும், கடைசியில் ஒரு பி.டி.எஃப்.ஐ மெயிலில் அனுப்பும். எந்த ஆப்பாக இருந்தாலும் அங்கேதான் வந்து முடிகிறது, கோளாறும் பெரும்பாலும் அங்கேதான். கோடு எழுதப் பழகும் பிள்ளைகளும் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர்களும் போனில் கேட்டதை, கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் பி.எச்.பி. என்ற புரோகிராம் மொழியில்; நான் வேலை செய்யும் மலிவு ஹோஸ்டிங்கில் ஓடுவது அதுதான். மற்ற மொழிகளில் ஃபங்ஷன் பெயர் மாறும், விஷயம் மாறாது.

அண்ணே, மெயிலில் ஃபைல் அட்டாச் பண்றதுன்னா உள்ளே என்னதான் நடக்குது?

எஸ்.எம்.டி.பி. என்ற அனுப்பும் முறை 1982-இல் எழுதப்பட்டபோது மெயில் என்றால் வெறும் ஆங்கில எழுத்துதான். படம், பி.டி.எஃப்., ஏன், தமிழ் எழுத்துகூட அதன் கணக்கில் இல்லை. 1992-இல் மைம் என்ற ஏற்பாடு வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான நதானியல் போரன்ஸ்டைன் அந்த வருஷம் மார்ச் மாதத்தில் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் அவர்கள் பாடியதையும் ஒரே மெயிலில் வைத்து அனுப்பினார்.

மைம் செய்வது இதுதான்: மெயிலின் உடம்பைப் பல துண்டாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு நடுவில் ஒரு எல்லை வரியைப் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் இது என்ன வகை, என்ன பெயர் என்று எழுதிவைக்கும். ஃபைலில் உள்ள பைட்டுகளை பேஸ்64 என்ற முறையில் சாதாரண எழுத்தாக மாற்றி, வரிக்கு 76 எழுத்து வீதம் அடுக்கிவிடும். அதாவது ஃபைல் மெயிலுக்குப் பக்கத்தில் தனியாகப் போவதில்லை, மெயிலுக்குள்ளேயே எழுத்தாகப் போகிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஜிமெயிலில் ஏதாவது ஒரு பில் மெயிலைத் திறந்து 'ஷோ ஒரிஜினல்' அழுத்திப் பாருங்கள், பக்கம் பக்கமாகக் கிறுக்கல் மாதிரி ஓடும். அதுதான் உங்கள் பி.டி.எஃப்.

ஃபார்மில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து அனுப்பினா மெயில் வருது, ஃபைல் வரலையே?

முதலில் ஃபார்ம் டேகைப் பாருங்கள். அதில் என்க்டைப் என்ற இடத்தில் 'மல்டிபார்ட் ஃபார்ம் டேட்டா' என்று இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிரவுசர் ஃபைலின் பெயரை மட்டும் அனுப்பும், சரக்கை அனுப்பாது. பத்துக்கு ஆறு பேருக்கு இத்தோடு தீர்ந்துவிடுகிறது என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்வேன்.

அது சரியாக இருந்தும் வரவில்லை என்றால் அளவு. பி.எச்.பி.யை அப்படியே நிறுவினால் ஒரு ஃபைலுக்கு 2 எம்.பி., மொத்த ஃபார்முக்கு 8 எம்.பி. என்றுதான் வரம்பு இருக்கும். இன்றைக்குப் போனில் எடுக்கும் ஒரே ஒரு நண்டுப் பெட்டிப் படமே அதைத் தாண்டிவிடும். இதில் மோசமானது இரண்டாவது வரம்பு. அதைத் தாண்டினால் பி.எச்.பி. ஃபார்மில் நிரப்பிய எல்லாவற்றையும் காலியாக்கிவிட்டு எதுவும் நடக்காத மாதிரி கோடை ஓடவிடும், நீங்கள் 'பெயரை நிரப்பவும்' என்ற உங்கள் சொந்த எச்சரிக்கையைப் பார்த்துக் குழம்புவீர்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால் அதற்குத் தனியாக 1 எம்.பி. வரம்பு உண்டு, அது 413 என்ற எரர் நம்பரை முகத்துக்கு நேரே சொல்லிவிடும், அந்த மட்டுக்கும் நல்லது.

பி.எச்.பி.யில மெயில் ஃபங்ஷனே இருக்கே, எதுக்கு இன்னொரு லைப்ரரி?

முதல் பதிலில் சொன்ன எல்லை வரி, தலைப்பு, பேஸ்64 எல்லாவற்றையும் நீங்களே கையால் எழுதத் தயார் என்றால் வேண்டாம். நான் ஒரு தடவை எழுதியிருக்கிறேன், ஒரு காலி வரி குறைந்ததற்கு ஒரு ராத்திரி போனது. இதையெல்லாம் ஏற்கெனவே எழுதிவைத்த லைப்ரரியான பி.எச்.பி. மெய்லர் போடுங்கள், நோட் ஜே.எஸ். என்றால் நோட்மெய்லர், பைத்தானில் ஜாங்கோ என்றால் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஜிமெயில் பாஸ்வேர்ட் சரியாத்தான் போட்டிருக்கேன் காக்கா, ஏத்துக்கவே மாட்டேங்குதே?

கீழக்கரையிலிருந்து வந்த கேள்வி, அங்கே 'காக்கா' என்றால் அண்ணன். பழைய வீடியோவைப் பார்த்துச் செய்திருப்பீர்கள். சாதாரண பாஸ்வேர்டைக் கொடுத்து வெளி ஆப் உள்ளே நுழையும் வழியை கூகுள் 2022 மே 30-ஆம் தேதியோடு தனிநபர் கணக்குகளுக்கு மூடிவிட்டது. இப்போது கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்ட்' என்று 16 எழுத்தில் ஒன்று வாங்கி, அதைத்தான் உங்கள் கோடில் கொடுக்கவேண்டும். கோடுக்குள் நேராக எழுதாமல், ரகசியங்களைத் தனியாக வைக்கும் என்விரான்மென்ட் ஃபைலில் வையுங்கள். கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றி ஊருக்கே கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று, சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 மெயிலுக்கு மேல் போகாது. லாட்ஜ் ரசீதுக்கு அது போதும். எல்லாப் பார்ட்டிக்கும் தினமும் விலைப்பட்டியல் அனுப்பும் கம்பெனிக்குப் போதாது, அவர்கள் மெயில் அனுப்புவதற்கென்றே இருக்கும் சேவை ஒன்றைச் சொந்த டொமைனோடு சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.

என் லேப்டாப்பில நல்லாப் போகுது, சர்வரில ஏத்தினதும் நிக்குது. கோடு ஒரு எழுத்துகூட மாத்தலை!

கோடை விடுங்கள், போர்ட்டைப் பாருங்கள். 25 என்பது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வாசல். ஸ்பாம் தொல்லையால் கிளவுட் கம்பெனிகள் பலவும் அந்த வாசலை வெளியே போக முடியாமல் அடைத்துத்தான் சர்வரைக் கொடுக்கும், அமேசானும் அப்படித்தான். நம்மைப் போல் ஆப்பிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு 587 அல்லது 465. 587-இல் முதலில் சாதாரணமாகப் பேச ஆரம்பித்து பிறகு வெளியார் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்வார்கள், 465-இல் ஆரம்பத்திலிருந்தே பூட்டு. ஒன்றின் போர்ட்டும் மற்றதன் பூட்டு முறையும் கலந்துவிட்டால் சில சமயம் எந்த எரரும் வராமல் அப்படியே தொங்கும். இந்தக் கலப்படம்தான் பாதி நேரம் காரணம்.

ஹோஸ்டிங்காரர் 10 எம்.பி. வரைக்கும் போகும்னு சொல்றார், என் ஃபைல் 8 எம்.பி.தான், அப்புறம் ஏன் திரும்புது?

இதை மீன் கம்பெனிக்காரருக்கு ஒரு நிமிஷத்தில் புரியவைத்துவிடலாம், கம்ப்யூட்டர் படித்தவருக்குத்தான் நேரமாகிறது. எட்டுக் கிலோ கணவாயை வண்டியில் ஏற்றும்போது எட்டுக் கிலோவாகவா ஏற்றுகிறோம்? ஐஸ் உண்டு, பெட்டி உண்டு. பேஸ்64-இல் மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது, வரிக்கு வரி முடிவுக் குறி வேறு. எல்லாம் சேர்ந்து சுமார் 37 சதவீதம் ஏறும். உங்கள் 8 எம்.பி. கிட்டத்தட்ட 11 ஆகிவிட்டது. சர்வர் எடை போடுவது கட்டிய பெட்டியை. 10 எம்.பி. வரம்பு என்றால் 7-க்கு மேல் ஃபைல் வைக்காதீர்கள்.

ஜிமெயில் இதில் கொஞ்சம் நேர்மையான கடை. நமக்கு 25 எம்.பி. என்று சொல்கிறது, ஆனால் அதன் அனுப்பும் சர்வரோடு நேராகப் பேசினால் 3,58,82,577 பைட் வரை வாங்கிக்கொள்வேன் என்று அறிவிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 25 எம்.பி.க்கு ஐஸும் பெட்டியும் சேர்த்த எடை அது. இருந்தும் உங்கள் பக்கம் தாராளமாக இருந்து என்ன, வாங்கும் பார்ட்டியின் சர்வர் சின்னதாக இருந்தால் அங்கே 552 என்ற எரர் நம்பரோடு திருப்பிவிடும். வழியில் எந்த வாசல் மிகக் குறுகலோ அதுதான் உங்கள் வரம்பு. வெளிநாட்டுப் பார்ட்டிக்கு அனுப்பும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் சேர்த்தே 5 எம்.பி.க்குள் நிற்கும்படி ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொல்வேன்.

பட்டனை அழுத்தினா சுத்திக்கிட்டே இருக்கு. நம்ம ஆளு மூணு தடவை அழுத்தி, பார்ட்டிக்கு மூணு பில் போயிருச்சு. யார் மேல தப்பு?

உங்கள் மேல். பாம்பன் பக்கம் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரிந்தும், பட்டனை அழுத்திய அதே மூச்சில் பி.டி.எஃப். தயாரித்து, சர்வரோடு பேசி, ஃபைலைத் தள்ளி முடிக்கிறவரை அவரைக் காத்திருக்க வைத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் சர்வர் பதில் சொல்ல முப்பது விநாடி எடுத்தால் இங்கே திரை முப்பது விநாடி சுற்றும். யாராக இருந்தாலும் மறுபடி அழுத்தத்தான் செய்வார்கள்.

அழுத்தியதும் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: 'இந்த நம்பர் பில்லை இந்த விலாசத்துக்கு அனுப்பவேண்டும்' என்று டேட்டாபேஸில் ஒரு வரி எழுதிவிட்டு, 'வரிசையில் வைத்தாயிற்று' என்று சொல்லித் திரையை விடுவியுங்கள். பின்னால் தனியாக ஓடும் ஒரு வேலைக்காரன், சின்ன ஹோஸ்டிங் என்றால் சர்வரே நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக ஓடவிடும் 'கிரான்' வேலை போதும், வரிசையிலிருந்து எடுத்து அனுப்பட்டும். பில் நம்பரும் விலாசமும் சேர்ந்து ஒரு தடவைக்கு மேல் வரிசையில் நுழைய முடியாதபடி டேட்டாபேஸிலேயே யுனிக் என்று பூட்டிவிட்டால், முப்பது தடவை அழுத்தினாலும் ஒரு மெயில்தான். வேண்டுமென்றே மறுபடி அனுப்ப 'திரும்ப அனுப்பு' என்று வேறு பட்டன் கொடுங்கள். அட்டாச்மென்டையே வரிசைக்குள் திணிக்காதீர்கள், ஃபைல் இருக்கும் இடத்தை மட்டும் எழுதுங்கள். மெயில் போய் முடிகிறவரை அந்த ஃபைல் அங்கே இருக்கவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், பி.எச்.பி. அப்லோடை வைக்கும் தற்காலிக இடம் அந்த ரிக்வெஸ்ட் முடிந்ததும் காலியாகிவிடும்.

ஆப்பு 'போயாச்சு'ங்குது, பார்ட்டி 'வரலை'ங்கிறாரு. யார் சொல்றதை நம்புறது?

இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். உங்கள் ஆப்புக்குக் கிடைத்த 250 என்ற பதிலுக்கு அர்த்தம், முதல் சர்வர் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டது என்பது மட்டும். பாம்பனில் லாரியில் ஏற்றியதற்கு ரசீது கிடைத்தால் சரக்கு தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றா எழுதுவீர்கள்? அதனால் என் ஆப்பில் 'அனுப்பப்பட்டது' என்ற வார்த்தையையே எடுத்துவிட்டு 'சர்வரிடம் கொடுக்கப்பட்டது' என்று மாற்றிவிட்டேன், சண்டை பாதி குறைந்தது.

போய்ச் சேராவிட்டால் திரும்பி வரும் மெயில் எங்கே வருகிறது என்று பாருங்கள். அது 'ஃப்ரம்' விலாசத்துக்கு வராது, உறையின் மேல் எழுதிய ரிட்டர்ன் பாத் விலாசத்துக்குத்தான் வரும். அதை யாரும் திறக்காத பெட்டியாக வைத்திருந்தால் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். 4-இல் தொடங்கும் நம்பர் என்றால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலலாம், 5-இல் தொடங்கினால் அந்தப் பேச்சே முடிந்தது, சும்மா முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் மெசேஜ் ஐ.டி.யையும் பில் நம்பரோடு சேர்த்து வைத்துக்கொண்டால், பிறகு சேவைக்காரரிடம் கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

எது அனுப்பினாலும் ஸ்பாமுக்கே போகுது சார்.

மூன்று விஷயம். எஸ்.பி.எஃப். என்பது உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல், டி.கிம். என்பது மெயிலின் மேல் வைக்கும் முத்திரை, டிமார்க் என்பது இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று நீங்கள் எழுதிவைக்கும் உத்தரவு. மூன்றையும் டொமைனின் விலாசப் பதிவான டி.என்.எஸ்.-இல் போடவேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கறாராகிவிட்டன: ஜிமெயிலுக்கு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றும் கட்டாயம், சின்னவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். எஸ்.பி.எஃப். வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். ஹோஸ்டிங்காரர் போட்டது ஒன்று, நீங்கள் போட்டது ஒன்று என இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது.

அப்புறம் லாட்ஜ் ஆப்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது: யாத்ரீகர் ஃபார்மை நிரப்பியதும் அவருடைய ஜிமெயில் விலாசத்தையே 'ஃப்ரம்'மில் போட்டு லாட்ஜுக்கு அனுப்புவது. கூகுள் பெயரில் நீங்கள் அனுப்புகிற மாதிரி ஆகிவிடும், ஸ்பாமுக்குத்தான் போகும். 'ஃப்ரம்'மில் உங்கள் டொமைன், 'ரிப்ளை டு'வில் அவர் விலாசம்.

ஃபைலுக்குத் தமிழில் பேர் வைச்சா சில பேருக்கு 'நோநேம்'னு வருதே?

பெயர் போகும் இடமும் பழைய ஆங்கிலத் தலைப்புதான், அதனால் தமிழ்ப் பெயரைக் குறியீடாக மாற்றித்தான் அனுப்பமுடியும். 'கணவாய்' என்ற ஒரு சொல்லே, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் ஆறு குறி, 18 பைட், தலைப்பில் சதவீதக் குறிகளோடு எழுதினால் 54 எழுத்து. பழைய மெயில் புரோகிராம்கள் சிலவற்றுக்கு இதைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. நல்ல லைப்ரரி இதைச் சரியாகவே செய்யும், இருந்தாலும் வெளியூர்ப் பார்ட்டிக்குப் போகும் ஃபைலுக்கு ஆங்கில எழுத்தும் பில் நம்பரும் தேதியுமாகப் பெயர் வைத்துவிட்டு, தமிழை மெயிலுக்குள் தாராளமாக எழுதுங்கள்.

பி.டி.எஃப்.ஐத் திறந்தா தமிழ் எழுத்து உடைஞ்சு கிடக்கு. மெயிலில் போறப்ப உடையுதா?

இல்லை, பாவம் மெயில்மேல் பழி போடாதீர்கள். அனுப்புவதற்கு முன்னாலேயே சர்வரில் திறந்து பாருங்கள், அங்கேயும் உடைந்துதான் இருக்கும். 'தொண்டி' என்ற பெயரில் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குள் முதலில் த, பிறகு அதன் குறி; திரையில் கொம்பு முன்னால் வந்து, கால் பின்னால் நிற்கவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத பி.டி.எஃப். லைப்ரரிகள் கொம்பைத் தூக்கித் தப்பான பக்கம் வைத்துவிடும். டாம்பி.டி.எஃப். அந்த வகை. எம்பி.டி.எஃப்.பில் ஓ.டி.எல். என்ற வசதியை இயக்கினால் சரியாக வரும், அல்லது திரையில்லாமல் சர்வரில் ஓடும் குரோம் பிரவுசரை ('ஹெட்லெஸ்' என்பார்கள்) வைத்து பி.டி.எஃப். எடுக்கலாம், கொஞ்சம் கனமான வழி, ஆனால் பிரவுசரில் என்ன தெரிகிறதோ அதுவே வரும். யுனிகோடு அல்லாத பாமினி ஃபான்டில் அடித்த பழைய பார்ட்டிப் பெயர்களை முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், அதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஒரு பார்ட்டியோட பில்லு இன்னொருத்தருக்கும் சேர்ந்து போயிருச்சு. இது எப்படி நடக்கும்?

எனக்கே நடந்தது, அதனால் நன்றாகத் தெரியும். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம், நிலுவைப் பில்களை எல்லாப் பார்ட்டிக்கும் ஒரே ஓட்டத்தில் அனுப்பக் கேட்டார் ஒரு கம்பெனிக்காரர். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்கு வெளியே பி.எச்.பி. மெய்லரை ஒருமுறை உருவாக்கி, உள்ளே ஒவ்வொருவருக்கும் விலாசம் சேர்த்து, பில்லைச் சேர்த்து, அனுப்பு, அனுப்பு என்று ஓடவிட்டேன். பழைய விலாசத்தை அழிக்க ஒரு வரி எழுதினேன். பழைய அட்டாச்மென்டை அழிக்க எழுதவில்லை. முதல் ஆளுக்கு ஒரு பில் போனது, இரண்டாவது ஆளுக்கு இரண்டு, பத்தாவது ஆளுக்குப் பத்து. யாருக்கு என்ன விலையில் கொடுக்கிறோம் என்பது அந்தக் கடற்கரை முழுக்கத் தெரிந்துபோனது. கம்பெனிக்காரர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

'கிளியர் அட்டாச்மென்ட்ஸ்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் அதை நம்பி நான் இப்போது எழுதுவதில்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் புதிதாக ஒரு மெய்லரை உருவாக்குகிறேன், அனுப்புவதற்கு முன் அட்டாச்மென்ட் எண்ணிக்கை ஒன்றா என்று பார்க்கிறேன், பில்லில் உள்ள பார்ட்டி எண்ணும் விலாசத்தின் பார்ட்டி எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுகிறேன். இல்லையென்றால் ஓட்டமே நின்றுவிடும்.

வாடிக்கையாளர் ஏத்துற ஃபைலை அப்படியே மெயிலில் சேர்த்து அனுப்பலாமா?

அப்படியே என்றால், கூடாது. ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தை மட்டும் பார்த்து பி.டி.எஃப். என்று நம்பாதீர்கள், உள்ளே உள்ள பைட்டைப் பார்த்து வகையைக் கண்டுபிடியுங்கள். எந்த வகை வேண்டும் என்று நீங்கள் ஒரு பட்டியல் வையுங்கள், வேண்டாததைத் தடுக்கும் பட்டியல் என்றைக்கும் முடியாது. அவர் வைத்த பெயரில் சர்வரில் சேமிக்காதீர்கள், நீங்களே ஒரு பெயர் வையுங்கள். இ.எக்ஸ்.இ., ஜே.எஸ். போன்றவற்றை ஜிமெயில் வாங்காது, ஜிப்புக்குள் ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடும். இன்னொன்று, சப்ஜெக்ட் வரியில் அவர் தட்டச்சு செய்ததைப் போடுகிறீர்கள் என்றால் அதில் வரி முடிவுக் குறி இருந்தால் நீக்குங்கள். அந்தக் குறியின் பின்னால் 'பி.சி.சி.' என்று எழுதி உங்கள் சர்வரை வைத்தே ஊருக்கெல்லாம் ஸ்பாம் அனுப்புவது பழைய தந்திரம்.

ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்களுக்கு மட்டும் ஒன்று: யாத்ரீகர் ஏற்றும் ஆதார் நகலை மெயிலில் சுற்றவிடாதீர்கள். மேனேஜர் போன், முதலாளி போன், அவர் மகன் லேப்டாப் என்று எல்லா இன்பாக்ஸிலும் அது வருஷக்கணக்கில் கிடக்கும்.

அப்ப அட்டாச்மென்டே வேண்டாம், லிங்க் கொடுத்தாப் போதாதா மாப்ளே?

ஆதாருக்கும் பெரிய வீடியோவுக்கும் போதும். சில நாளில் காலாவதியாகும், யாரும் மாற்ற முடியாதபடி சர்வர் கையெழுத்திட்ட லிங்க்காக, முடிந்தால் லாகின் கேட்கும்படி கொடுங்கள். பில் நம்பரை அப்படியே லிங்க்கில் வைத்துவிட்டு 1041-ஐ 1042 ஆக மாற்றினால் அடுத்தவர் பில் திறக்கிற மாதிரி செய்துவிடாதீர்கள், இரண்டு கேள்விக்கு முன்னால் சொன்ன என் கதைதான் வேறு வழியில் நடக்கும். ஏற்றுமதிக் காகிதங்களுக்கு அட்டாச்மென்ட்தான் சரி. வாங்குகிறவர் அதைத் தன் ஏஜென்டுக்கு அனுப்புவார், ஏஜென்ட் இன்னொருவருக்கு அனுப்புவார், கப்பல் போய்ச் சேரும் நேரத்தில் லிங்க் செத்திருந்தால் சரக்கு கன்டெய்னரில் நிற்கும்.

டெஸ்ட் பண்றேன்னு நிஜப் பார்ட்டிக்கு அனுப்பிட்டேன். இதுக்கு என்ன வழி?

அனுப்பியதைத் திரும்ப வாங்க வழி இல்லை, போன் போட்டு மன்னிப்புக் கேளுங்கள். இனிமேலுக்கு மெயில்பிட் என்று ஒரு இலவசப் புரோகிராம் இருக்கிறது, உங்கள் லேப்டாப்பிலேயே 1025 போர்ட்டில் எஸ்.எம்.டி.பி. சர்வர் மாதிரி நடித்து, வருகிற மெயிலையெல்லாம் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரவுசரில் 8025-ஐத் திறந்தால் அட்டாச்மென்டோடு பார்க்கலாம். டெஸ்ட் டேட்டாவில் எல்லா விலாசத்தையும் எக்ஸாம்பிள் டாட் காம் என்று மாற்றிவிடுங்கள், அந்த டொமைன் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது, யார் கைக்கும் போகாது.

பெரிய மாற்றம் ஏதாவது செய்யவேண்டும் என்றால் நான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளில்தான் செய்வேன். ஏலம் கிடையாது, பில் குறைவு, கம்பெனிக்காரர்களும் போனை எடுத்துப் பொறுமையாகப் பேசுவார்கள்.